எது கேனன்? அறிவியல் புனைவுத் தொடர்களுக்குப் பட்டியல் போடும் முறை

பெங்களூரில் தமிழில் கூடிப் பேசும் அறிவியல் புனைவு ரசிகர் குழுக்களுக்கான வழிகாட்டி இது. கேனன் என்றால் ஒரு தொடரின் கதையில் உண்மையாகவே நடந்ததென்று அதிகாரபூர்வமாக ஏற்கப்படும் படைப்புகள். வினாடி வினா நடத்தவோ, தமிழில் காலவரிசை தயாரிக்கவோ, புதிதாக வருபவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லவோ ஒரு கேனன் பட்டியல் தேவைப்படும். முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் பின்னால் வர வேண்டிய படியில்தான் கை வைக்கிறார்கள். இரண்டு கதைகள் முரண்படுகின்றன, எது சரி என்பதே அவர்களின் முதல் கேள்வி. அதற்கான இடம் ஏழாம் படி. முந்தைய ஆறும் முடியாமல் அதைத் தொட்டால் சத்தமாகப் பேசுபவர் ஜெயிப்பார், அவ்வளவுதான்.

முன்னதாக வேண்டியவை

ஒரு கூகுள் ஷீட். திருத்தும் உரிமை இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் கருத்து எழுதலாம். பத்துப் பேர் திருத்தினால் ஒரே வரி வாரத்துக்கு மூன்று முறை மாறும்.

படைப்புகளின் அசல் மொழிப் பிரதிகளைப் பார்க்க ஏதாவது ஒரு வழி வேண்டும். ஏன் என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

பயிற்சிக்கு ஒரு சின்னத் தொடர். ஸ்டார் வார்ஸில் நேரடியாக இறங்காதீர்கள். எந்திரனும் (2010) 2.0-வும் (2018) போதும். முதல் படம் 2030-இல், அருங்காட்சியகத்தில் கழற்றி வைக்கப்பட்ட சிட்டியோடு முடிகிறது. இரண்டாவது படம் அதே சிட்டியை மறுபடி பூட்டி எழுப்புகிறது. அப்படியானால் 2.0 நடப்பது 2030-க்கு முன்பா, பின்பா? இரண்டே படைப்பில் இவ்வளவு வேலை இருக்கிறது. கீழே உள்ள படிகளை முதலில் இதில் ஓட்டிப் பாருங்கள்.

1. எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

ஷீட்டின் முதல் செல்லில் பட்டியலின் நோக்கத்தை எழுதுங்கள். 'வினாடி வினாவில் விடை சொல்ல எந்தெந்தப் படைப்பை நம்பலாம்' என்பது ஒரு நோக்கம். 'கதைக்குள் நடந்ததை வருட வாரியாக அடுக்க' என்பது வேறு. முன்னதற்குத் தொடரின் உரிமையாளர் சொன்னது மட்டும் போதும். பின்னதற்கு முரண்பாடுகளையும் தீர்த்தாக வேண்டும், வேலை பல மடங்கு.

இந்த வரி இல்லாவிட்டால் 'எனக்குப் பிடித்தது' என்ற நோக்கம் சொல்லாமலே நுழைந்துவிடும். தனிப்பட்ட விருப்பத்துக்கு ரசிகர்கள் ஹெட்கேனன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் தவறே இல்லை, ஆனால் அதற்கு ஷீட்டில் வேறு பத்தி (நெடுவரிசை) உண்டு.

2. உரிமை யாரிடம், எப்போதிலிருந்து

கேனனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உரிமையாளர்தான், எழுத்தாளர் அல்ல. எனவே உரிமை கைமாறிய வரிசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார் வார்ஸ் நிறுவனமான லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்குவதாக அறிவித்தது 2012-இல். ஸ்டார் ட்ரெக்கில் 2005 இறுதியில் வயாகாம் நிறுவனம் பிரிந்தபோது தொலைக்காட்சித் தொடர்கள் சிபிஎஸ் பக்கமும் திரைப்படங்கள் பாரமவுண்ட் பக்கமும் போயின. 2019 டிசம்பரில் மறுபடி ஒரே கூரைக்குள் வந்தன. இந்தத் தேதிகளைச் சுற்றித்தான் கேனன் விதிகள் மாறும்.

ஒரு பாத்திரத்தின் உரிமை தொடரின் உரிமையிலிருந்து தனியாகவும் இருக்கலாம். டாக்டர் ஹூ தொடரின் ரோபோ நாய் கே-9-ஐ உருவாக்கியவர்கள் பாப் பேக்கரும் டேவ் மார்ட்டினும். உரிமை அவர்களிடமே இருந்ததால் 2009-இல் ஆஸ்திரேலியாவில் கே-9-க்கென்றே ஒரு தொடர் எடுக்க முடிந்தது. ஆனால் அதில் பிபிசிக்குப் பங்கில்லை என்பதால் மூலத் தொடரின் நாயகனான டாக்டரின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதே நாய்தான், ஆனாலும் அதிகாரபூர்வத் தொடர்ச்சி என்று சொல்ல வழியில்லை. பாத்திரம் தெரிந்த முகம் என்பதற்காகப் படைப்பைச் சேர்த்துவிடாதீர்கள்.

3. உரிமையாளர் என்ன சொல்லியிருக்கிறார்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உரிமையாளர்கள் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள்: தெளிவாக அறிவிப்பவர், ஊடகத்தை வைத்துக் கோடு போடுபவர், வாயே திறக்காதவர். உங்கள் தொடர் எந்த வகை என்று தெரியாமல் மேலே போகக் கூடாது.

அறிவிப்பவருக்கு உதாரணம் ஸ்டார் வார்ஸ். 2014 ஏப்ரல் 25 அன்று லூகாஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி அதுவரை வந்த ஆறு படங்களும் 'தி க்ளோன் வார்ஸ்' தொடரும் அசையாத கேனன். முன்பு வந்த நாவல்கள், காமிக்ஸ், விளையாட்டுகள் எல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்ற தலைப்புக்குள் போயின. அதன் பிறகு வருபவை நிறுவனத்தின் ஸ்டோரி குரூப் என்ற குழுவின் மேற்பார்வையில் ஒரே கதையாகப் பின்னப்படும். பெங்களூர்க்காரர்களுக்கு ஏ கத்தா, பி கத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவின் இரண்டு வகைகள்) என்றால் உடனே புரியும். லெஜண்ட்ஸ் பி கத்தா மாதிரி. சொத்து இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது, முழு அங்கீகாரம்தான் இல்லை.

இங்கே சறுக்குவது பழைய விதியைப் புதிய விதியென்று நம்புபவர்கள். 2014-க்கு முன் லூகாஸ்ஃபிலிமில் லீலண்ட் சீ பராமரித்த ஹோலோக்ரான் என்ற தரவுத்தளம் இருந்தது. அதில் படைப்புகளுக்கு எழுத்து வாரியாகப் படிநிலை கொடுத்திருந்தார்கள். லூகாஸின் படங்கள் ஜி, தொலைக்காட்சி டி, பெரும்பாலான நாவல்களும் காமிக்ஸும் சி, அதற்குக் கீழே எஸ், கேனனுக்கு வெளியே என். இணையத்தில் பழைய பக்கங்கள் இன்னும் 'இது சி-கேனன்' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படிநிலை இப்போது செல்லாது. அப்படி ஒரு மேற்கோளை யாராவது நீட்டினால் பக்கத்தின் தேதியைக் கேளுங்கள்.

ஊடகக் கோடு போடுபவருக்கு உதாரணம் ஸ்டார் ட்ரெக். திரையில் வந்தது கேனன், நாவலும் காமிக்ஸும் அல்ல என்பது நெடுநாள் விதி. கேட்க எளிது, ஓட்டைகள் உண்டு. 1973-74-இல் வந்த அனிமேஷன் தொடர் 1980-களின் இறுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டது. 2006-இல் டிவிடி வந்த காலத்தை ஒட்டி அதிகாரபூர்வ இணையதளம் அதை மறுபடி சேர்த்துக்கொண்டது. வாயேஜர் தொடரின் தயாரிப்பாளர் ஜெரி டெய்லர் எழுதிய இரண்டு நாவல்கள் விதிவிலக்காகக் கேனனில் வைக்கப்பட்டிருந்தன. பிறகு அந்தச் சலுகை தேய்ந்து போயிற்று. ஆகவே 'அனிமேஷன் என்றால் இல்லை', 'நாவல் என்றால் இல்லை' என்று ஒரு வாக்கியத்தில் முடிக்க வேண்டாம். ஊடக விதியை எழுதி, அதற்குக் கீழேயே விதிவிலக்குகளையும் எழுதுங்கள்.

வாய் திறக்காதவர் பிபிசி. 1963 முதல் டாக்டர் ஹூவில் எது கேனன் என்று நிறுவனம் ஒருநாளும் பட்டியல் போட்டதில்லை. 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் உரிமம் பெற்று ஒலி நாடகங்கள் வெளியிட்டு வருகிறது. 2013-இல் வந்த 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்ற குறும்படத்தில் எட்டாவது டாக்டர் (நாயகனின் எட்டாவது உருவம்) அந்த ஒலி நாடகத் துணைவர்களின் பெயர்களைச் சொல்கிறார். அதனால் எல்லா ஒலி நாடகங்களும் கேனன் ஆகிவிட்டனவா? ஆகவில்லை. அந்தப் பெயர்களை உடையவர்கள் அவருடன் பயணம் செய்தார்கள் என்பது மட்டும்தான் திரைக்கு வந்தது. வாய் திறக்காதவரின் தொடருக்கு 'அதிகாரபூர்வ நிலை: அறிவிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு, குழு தனக்கென ஓர் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் குழுவின் எல்லை என்றே குறிப்பிடுங்கள், பிபிசி தலையில் கட்டாதீர்கள்.

ரசிகர் விக்கிகள் பயன்படும், ஆனால் அவற்றுக்குச் சொந்த விதிகள் உண்டு. ஸ்டார் ட்ரெக்குக்கான மெமரி ஆல்ஃபா திரையில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும், மெமரி பீட்டா உரிமம் பெற்ற நாவல்களையும் காமிக்ஸையும் சேர்க்கும். ஸ்டார் வார்ஸ் விக்கியான வூக்கிபீடியாவில் ஒரே பாத்திரத்துக்குக் கேனன், லெஜண்ட்ஸ் என இரண்டு பக்கங்கள் இருக்கும். மேலே உள்ள தாவலைப் பார்க்காமல் நகலெடுப்பதால் வரும் பிழைகள் ஏராளம்.

4. தேதிக் கோடு

மூன்றாம் படியில் கிடைத்த அறிவிப்பின் நாளை ஒரு கோடாக ஷீட்டில் போடுங்கள். ஒவ்வொரு படைப்பின் முதல் வெளியீட்டு நாளும் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் வாங்குபவர்களுக்கு இது முக்கியம். 2014-க்குப் பிறகு மறு அச்சான பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களின் அட்டையில் லெஜண்ட்ஸ் பட்டை இருக்கும். அதே நாவலின் முந்தைய அச்சில் இருக்காது. பட்டை இல்லை என்பதால் கேனன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அட்டையை விட்டுவிட்டு, உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் வெளியீட்டு ஆண்டைப் பாருங்கள். மறு அச்சின் ஆண்டு உதவாது.

கோட்டைத் தாண்டி வருபவை எல்லாம் கேனன் என்றும் நினைக்கக் கூடாது. 2011-இல் தொடங்கிய 'தி ஓல்ட் ரிபப்ளிக்' இணைய விளையாட்டு 2014-க்குப் பிறகும் புதுக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தது, லெஜண்ட்ஸாகவே. 2021-இல் தொடங்கிய 'விஷன்ஸ்' குறும்படத் தொகுப்பும் அதிகாரபூர்வ வெளியீடுதான், கேனன் கட்டுப்பாடு இல்லாமல் எடுக்கப்பட்டது. நிறுவனமே வெளியிட்டது என்பது ஒன்று, கேனன் என்பது வேறொன்று.

5. எந்தப் பதிப்பு, எந்த மொழி

படைப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, ஆண்டும் பதிப்பும் வேண்டும். 2003-இல் வந்த 'க்ளோன் வார்ஸ்' குறுந்தொடர் லெஜண்ட்ஸ், 2008-இல் தொடங்கிய 'தி க்ளோன் வார்ஸ்' கேனன். தமிழில் எழுதும்போது அந்த 'தி' பெரும்பாலும் விழுந்துவிடும். ஆண்டு போடாத ஷீட்டில் இரண்டும் ஒரே வரியாகிவிடும்.

ஒரே படத்துக்கும் பல வடிவங்கள் உண்டு. 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸில் மதுக்கடை மேசையில் ஹான் சோலோ மட்டுமே சுடுகிறான். 1997 சிறப்புப் பதிப்பில் எதிரே இருக்கும் க்ரீடோ முதலில் சுடுகிறான். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகச் சுடுகிறார்கள். 2019-இல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்த வடிவத்தில் மறுபடி மாற்றம். பிளேட் ரன்னரின் 1982 திரையரங்கு வடிவத்தில் பின்னணிக் குரலும் சுபமான முடிவும் இருந்தன, 1992 வடிவத்தில் இரண்டும் போயின, 2007-இல் இறுதி வடிவம் வந்தது. உரிமையாளர் இப்போது எந்த வடிவத்தை வெளியிடுகிறாரோ அதை அடிப்படையாக வைத்து, மற்றவற்றைக் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். உரிமையாளர் பழையதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்ட பிறகு அதை வைத்து வினா கேட்டால், புதிதாகப் பார்த்தவருக்கு விடை தெரிய வழியே இல்லை. நீக்கப்பட்ட காட்சிகளையும் இதே காரணத்துக்காக வெளியே வையுங்கள்.

அடுத்தது டப்பிங். பெங்களூர்க் குழுக்களில் ஒருவர் தமிழில் பார்த்திருப்பார், இன்னொருவர் தெலுங்கில், மற்றவர் இந்தியில். வசனத்தை வைத்துச் சண்டை வந்தால் பாதி நேரம் மூவரும் மூன்று வெவ்வேறு வசனங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். டப்பிங் வசனம் இன்னொருவர் எழுதியது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) தமிழ் வசனம் ஏ. ஆர். முருகதாஸ் எழுதியது. உதட்டசைவுக்காகவும் உள்ளூர்ச் சிரிப்புக்காகவும் வரிகள் மாறும். எனவே சாட்சியாக அசல் மொழி வசனத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்திரனுக்கு அசல் தமிழ், இந்தி 'ரோபாட்' அல்ல. இந்த விதியில் நமக்குச் சாதகமான ஒரே இடம் இதுதான்.

6. ஷீட்டை நிரப்புதல்

பத்திகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: படைப்பு, ஊடகம், முதல் வெளியீட்டு நாள், பதிப்பு, உரிமையாளர் சொன்ன நிலை, அதற்கான ஆதாரம், குழுவின் நிலை, முடிவெடுத்த நாள், குறிப்பு. உரிமையாளர் நிலையும் குழுவின் நிலையும் இரண்டு பத்திகளாகவே இருக்க வேண்டும். ஒன்றாக்கினால் ஆறு மாதம் கழித்து எது அறிவிப்பு, எது நம் முடிவு என்று யாருக்கும் நினைவிருக்காது.

நிலைக்கு நான்கு சொற்கள் போதும். 'கேனன்', 'லெஜண்ட்ஸ் அல்லது மாற்றுக் கதை', 'அறிவிப்பு இல்லை', 'கேனனில் இல்லை'. 'பாதிக் கேனன்' என்று ஐந்தாவது ஒன்றைச் சேர்க்க யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள், சந்தேகமானதெல்லாம் அங்கே போய்க் குவியும்.

ஆதாரப் பத்தியில் யார், எங்கே, எந்த நாளில் சொன்னார் என்று மூன்றும் வேண்டும். நடிகர் பேட்டியில் சொன்னது, எழுத்தாளர் சமூக ஊடகத்தில் போட்டது ஆகியவற்றைக் குறிப்பில் வையுங்கள், ஆதாரத்தில் அல்ல. எழுத வைத்திருந்த கதையை அவர்கள் சொல்லியிருக்கலாம். திரைக்கு வந்த கதை அது இல்லாமல் இருக்கலாம்.

பாத்திரத்துக்கும் படைப்புக்கும் தனித்தனி வரி போடுங்கள். ஸ்டார் வார்ஸின் அட்மிரல் த்ரான் 1991 நாவலில் அறிமுகமானவர். 2016-இல் 'ரெபெல்ஸ்' தொடரின் மூன்றாம் சீசன் வழியாகக் கேனனுக்குள் வந்தார். அவர் வந்தார், அந்த நாவல் வரவில்லை. ஸ்டார் ட்ரெக்கில் சுலுவின் முதற்பெயரான ஹிகாரு 1981 நாவலில் வந்தது, 1991 திரைப்படத்தில்தான் திரைக்கு வந்தது. அந்தப் பெயர் கேனன், நாவல் இன்னும் வெளியேதான். புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது.

7. முரண்பாடுகளைத் தீர்க்கும் வரிசை

ஒரே நிலையில் உள்ள இரண்டு படைப்புகள் முரண்பட்டால் மட்டுமே இந்தப் படி. கேனனும் லெஜண்ட்ஸும் முரண்பட்டால் அது முரண்பாடே அல்ல, விட்டுவிடுங்கள். கீழே உள்ள கேள்விகளை வரிசை மாறாமல் கேளுங்கள். எளிதில் தீர்வது முன்னால் இருக்கிறது.

முதலில், சொன்னது யார்? பாத்திரங்கள் பொய் சொல்லலாம், தவறாக நினைத்திருக்கலாம். வேடர் உன் அப்பாவைக் கொன்றான் என்று 1977 ஸ்டார் வார்ஸ் படத்தில் ஓபி-வான் லூக்கிடம் சொல்கிறார். வேடரே அந்த அப்பா என்று காட்டும் 1980 படம் அதற்கு முரண் என்று யாரும் சொல்வதில்லை. வசனத்தைவிடக் கண்ணால் கண்ட காட்சிக்கு எடை அதிகம்.

அடுத்து, தயாரிப்புப் பிழையா? 1966-இல் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் ஒன்றில் கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கிறது. பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க். ஒரே ஒரு முறை வந்து, பல முறை வேறு விதமாக வந்தால் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டு ஒற்றையைப் பிழை என்று குறியுங்கள்.

மூன்றாவது, கதையே விளக்கம் கொடுத்துவிட்டதா? ஸ்டார் ட்ரெக்கில் 1960-களின் கிளிங்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தவருக்கு நெற்றி மேடு கிடையாது, 1979 திரைப்படத்தில் முளைத்தது. 1996-இல் ஓர் அத்தியாயம் இதைக் கிண்டல் செய்துவிட்டு நழுவியது. 2005-இல் 'எண்டர்பிரைஸ்' தொடரின் இரண்டு அத்தியாயங்கள் காரணம் சொல்லின. இந்த மாதிரி விஷயங்களில் அவசரப்பட்டு நாமே விளக்கம் எழுதினால், தொடர் வேறொன்றைச் சொல்லும் நாளில் ஷீட் முழுக்கத் திருத்த வேண்டும். விளக்கம் வரும்வரை 'திறந்தது' என்று வையுங்கள்.

நான்காவது, பிந்தையது முந்தையதைத் தெரிந்தே மாற்றியதா? யூஜெனிக்ஸ் போர்கள் 1990-களில் நடந்ததாக 1967 ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் சொன்னது. 2023-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' காலப் பயணக் குறுக்கீட்டால் அந்த நிகழ்வுகள் தள்ளிப்போனதாகக் காட்டியது. தெரிந்தே செய்த மாற்றம் என்றால் பிந்தையது நிற்கும்.

'மூல நாவலே உயர்ந்தது' என்ற விதியை மட்டும் சேர்க்காதீர்கள். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைப்படத்தில் பயணம் வியாழன் கோளுக்கு, ஆர்தர் சி. கிளார்க் எழுதிய நாவலில் சனிக்கு. 1982-இல் தொடர்ச்சி எழுதியபோது கிளார்க்கே திரைப்படத்தின் வியாழனைத்தான் எடுத்துக்கொண்டார்.

எதுவும் பலிக்காவிட்டால் இரண்டையும் எழுதி விட்டுவிடுங்கள். டாக்டர் ஹூவில் 1975 கதை ஒன்றில் டாக்டரின் துணைவி சாரா தான் 1980-லிருந்து வந்ததாகச் சொல்கிறாள். அவள் காலத்துக் கதைகளில் ராணுவ அதிகாரியான பிரிகேடியர் இன்னும் பணியில் இருக்கிறார். 1983 கதையோ அவர் 1977-இலேயே ஓய்வுபெற்றுவிட்டவராகப் பள்ளியில் பாடம் நடத்துவதாகக் காட்டுகிறது. இதைத் தீர்க்கப் பல தலைமுறை ரசிகர்கள் முயன்றாகிவிட்டது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தீர்த்துவிட மாட்டீர்கள்.

8. கிளை பிரிந்த தொடர்கள்

சில தொடர்களுக்கு ஒரே நேர்க்கோடு கிடையாது. டெர்மினேட்டரில் 2003, 2009, 2015 படங்களை ஒதுக்கிவிட்டு 2019 படம் இரண்டாம் பாகத்திலிருந்து நேராகத் தொடர்கிறது. 2008-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் தன் பங்குக்கு மூன்றாம் படத்தை விட்டுவிட்டது. இங்கே கேனன் எது என்று கேட்பதே வீண். 'எதிலிருந்து தொடர்கிறது' என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு படைப்புக்கும் அதன் முந்தைய படைப்பை எழுதுங்கள். மரம் தானே உருவாகும். 2009-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் படங்களுக்கும் இதே முறைதான், அவை தனிக் காலக்கோடு என்று கதையே சொல்லிவிடுகிறது.

9. பூட்டுதல், திறத்தல்

பட்டியல் முடிந்ததும் தேதி போட்டுப் பூட்டுங்கள். வினாடி வினாவுக்கு இரண்டு வாரம் முன்பு பூட்டி எல்லோருக்கும் அனுப்பினால், அன்றைக்கு மேடையில் தகராறு வராது. பூட்டிய பிறகு வந்த அத்தியாயங்களிலிருந்து கேள்வி கேட்க வேண்டாம்.

திறப்பதற்கு மூன்று காரணங்கள் போதும். உரிமை கைமாறுவது, உரிமையாளர் புது அறிவிப்பு வெளியிடுவது, புதிய படைப்பு ஒன்று பழைய வரியை நேரடியாக மாற்றுவது. யாரோ ஒருவர் ஒரு நாவலை இப்போதுதான் படித்து முடித்தார், மிகவும் பிடித்துவிட்டது என்பதற்காகத் திறக்க வேண்டியதில்லை. அவருக்குக் குறிப்புப் பத்தியில் இடம் இருக்கிறது. மாற்றும்போது பழைய நிலையை அழிக்காமல், அடுத்த வரியில் புதிய நிலையை நாளோடு எழுதுங்கள்.